நாற்பத்தொரு மில்லிமீட்டர்

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊற்றுகிற தண்ணீர் சாக்கடைத் துளைக்குப் போகாமல் கதவுப் பக்கமே வந்துகொண்டிருந்தது. வாடகை வீடு. வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க தண்ணிய ஜாஸ்தியா ஊத்தறீங்க" என்று தீர்ப்புச் சொன்னார். அக்கா அப்போது பள்ளிக்கூடப் பாவாடையில் இருந்தாள். என் கோலிக்குண்டு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்த் துளைக்குப் பக்கத்தில் வைத்தாள். குண்டு சாவகாசமாக உருண்டு வந்து வீட்டுக்காரர் செருப்பில் முட்டி நின்றது.

"அங்கிள், நான் இன்னும் தண்ணியே ஊத்தல" என்றாள்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். குண்டு எனக்குத் திரும்பி வரவே இல்லை. அக்காவின் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான். மீதியெல்லாம் அதே குண்டு இன்னும் பெரிய செருப்புகளில் போய் முட்டிய கதை.

கல்லூரியில் அவள் எடுத்தது சிவில் இன்ஜினியரிங். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெளிவாகத் தெரியாது. அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ரோடு போடுகிற படிப்பு என்று புரிந்துகொண்டார். அம்மா வீட்டிலேயே தையல். இடுப்பளவைத் தாங்களாகவே இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்கிற ஆட்களிடமும் டேப் சொன்னதைத்தான் உரக்கப் படிப்பாள். அதனாலேயே வாடிக்கை கொஞ்சம் கம்மி. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு, வண்டிகளுக்கு டிங்கரிங் செய்கிற பட்டறையில் இருக்கிறேன். நசுங்கின கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்தால் புது வண்டி. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டாம் வருடத்தில் சர்வே பாடம் வந்தது. அதிலே லெவலிங் என்று ஒன்று. அக்கா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கல்லூரி வாசலில் ஒரு கல் நட்டிருக்கிறது. அதன் உயரம் எவ்வளவு என்று அதன் தலையிலேயே செதுக்கியிருக்கிறது. அங்கிருந்து கிளம்ப வேண்டும். ஒருத்தர் முக்காலி மேலே தொலைநோக்கி மாதிரி ஒரு கருவியை வைத்துப் பார்க்க, இன்னொருத்தர் ஸ்டாஃப் என்கிற ஆள் உயரத்துக்கும் மேலான அளவுகோலை நிமிர்த்திப் பிடிக்க, ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் எழுதிக்கொண்டே வளாகத்தைச் சுற்றி வந்து, அதே கல்லில் முடிக்க வேண்டும். கிளம்பும்போது கல்லுக்கு என்ன உயரமோ, திரும்பும்போதும் அதே வர வேண்டும். வெயில், காற்று, கண் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பன்னிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். அதற்குள் வந்தால் 'மூடிவிட்டது' என்பார்கள். மூடினால்தான் கையெழுத்து. கையெழுத்து இருந்தால்தான் மலையில் நடக்கிற சர்வே முகாமுக்குப் போகலாம். முகாம் போகாதவருக்கு அந்த வருடம் போச்சு.

அந்த வருடம் போனால் படிப்பும் போச்சு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். "ஒரு வருஷம் கூட இழுத்தாலும் நிறுத்திடுவேன் பாப்பா, எனக்கும் முதுகு ஒண்ணுதான்" என்று சேர்க்கும்போதே அப்பா சொல்லியிருந்தார்.

அக்காவின் குழுவில் ஐந்து பேர். தலைவன் பெயர் இஸ்திரி. வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் சட்டை மடிப்புக் கலையாது. எப்படி என்று கேட்டால், அவன் வெயிலில் நிற்கவே மாட்டான் என்பதுதான் பதில். முதல் வாரம் அக்காவிடம் பேனாவைக் கொடுத்து, "நீ எழுது, உன் கையெழுத்து அழகா இருக்கும்" என்றான். "உன் கண்ணாடியும்தான் அழகா இருக்கு, அதுக்காக நீ பார்க்கணுமா" என்று சொல்லிவிட்டுக் கருவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சுற்றி வந்து முடித்தார்கள். மூடவில்லை. வாசல் கல் நின்ற இடத்திலேயே நாற்பத்தொரு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது.

"சரி, கேன்டீன் போலாம்" என்றான் இஸ்திரி.

"எதுக்கு?"

"டிங்கரிங் பண்ண."

அங்கே அதற்கு அதுதான் பெயர். பட்டறையில் நான் செய்கிற வேலையைத்தான் அவர்கள் டீ குடித்துக்கொண்டே பேனாவால் செய்கிறார்கள். நடுவில் இருக்கிற ஒரு எண்ணைத் தட்டி, இன்னொன்றில் கொஞ்சம் பட்டி பூசினால் கணக்கு வழவழவென்று மூடிவிடும். அண்ணன்மார்கள் செய்தார்கள், அவர்களுக்கு முந்தினவர்கள் செய்தார்கள். சில குழுக்கள் சுற்றி வருகிற சிரமமே இல்லாமல் நேராகக் கேன்டீனில் ஆரம்பித்துக் கேன்டீனிலேயே முடித்தன.

"பார்த்ததைத்தான் எழுதுவேன்" என்றாள் அக்கா.

"அப்ப முகாமுக்கு நாங்க போறோம். நீ இங்கயே இருந்து பார்த்துக்கிட்டே இரு."

மற்ற நால்வரும் தனியாக ஒரு கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு நாற்பத்தொன்று என்று பெயர் வைத்தார்கள். "நாப்பத்தொண்ணு வருது, வழி விடு." "நாப்பத்தொண்ணு, டீ குடிச்சியா? எத்தனை மில்லி?" இந்த ரகம்.

அக்கா இன்னொரு முறை சுற்ற வேண்டும் என்றாள். துணைக்கு யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள். கருவி அறைக்குப் பொறுப்பானவரைப் பூட்டு என்பார்கள். எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்.

"ஸ்டாஃப் இல்லம்மா."

"உங்க பின்னாடி சாஞ்சிருக்கே அண்ணே."

"அது ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் வளைஞ்சு போச்சு. எல்லா குரூப்பும் இதை வச்சுத்தான் ஓட்டுது. ஒடிச்சிடாதீங்க."

அலுமினியத்தில் செய்த ஸ்டாஃப் அது. ஆன்டெனா மாதிரி ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும், இழுத்து நீட்டலாம். இரண்டு மீட்டர் உயரத்தில், இணைப்பு இருக்கிற இடத்தில், கறுப்பு இன்சுலேஷன் டேப் பட்டையாகச் சுற்றியிருந்தது. நான் பிடித்தேன், அக்கா பார்த்தாள். வாசலிலிருந்து ஹாஸ்டலுக்குப் பின்னால் செங்குத்தான மேட்டில் ஏறித் தண்ணீர்த் தொட்டி வரை போய், அங்கிருந்து சாய்வே தெரியாத நீளமான ரோட்டில் சுற்றி இறங்க வேண்டும். பாதி வழியில் சும்மா இருக்க முடியாமல் ஒரு தட்டைக் கல்லை ஸ்டாஃபின் அடியில் நைசாகச் செருகினேன். ஐம்பதடி தள்ளி, கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் வந்தது.

"கல்லை எடுடா."

"எந்தக் கல்லு?"

"உன் கால்விரல் உயரத்துக்கு ஒண்ணு வச்சிருக்கியே, அந்தக் கல்லு."

அதோடு விளையாட்டை விட்டேன். இப்படிப் பார்க்கிற கண்ணுக்கு நாற்பத்தொன்று தப்புவது சாத்தியமில்லை என்று எனக்கே தோன்றிவிட்டது. ஆனால் வாசலுக்குத் திரும்பியபோது மறுபடியும் அதே நாற்பத்தொன்று.

அக்கா முகம் வாடும் என்று பார்த்தேன். அவளோ புதுச் செருப்பு வாங்கினவள் மாதிரி நின்றாள். "கவனப் பிசகுன்னா ஒரு தடவை முப்பது வரும், ஒரு தடவை எழுபது வரும். இது சொன்ன இடத்துல வந்து நிக்குது பாரு. எங்கயோ ஒண்ணு ஒழுங்கா பொய் சொல்லுது" என்றாள்.

முதலில் கருவியைச் சந்தேகப்பட்டாள். இரண்டு ஆணி அடித்து, நடுவில் வைத்து ஒரு முறை, ஓரத்தில் வைத்து ஒரு முறை பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின. கருவி உத்தமன். பிறகு சுற்றைத் தலைகீழாக்கினாள்: ரோடு வழியாக ஏறி, மேடு வழியாக இறங்கினோம். இப்போது கல் நாற்பது மில்லிமீட்டர் பூமிக்குள் இறங்கியிருந்தது. என் கால் விட்டுப்போய்விட்டது. "இன்னொரு சுத்து சுத்துனா கல்லு எழுந்து நம்மகூட வீட்டுக்கே வந்துடும்" என்றேன்.

"மேட்டுலதான் இருக்குடா" என்றாள் அவள். "மேட்டுல மட்டும்தான் ஸ்டாஃபோட மேல்பாதியைப் படிக்கிறோம். ரெண்டே ரெண்டு தடவை. ரோட்டுல எல்லாமே கீழ்பாதிதான்."

அந்த ஸ்டாஃபைத் தரையில் படுக்க வைத்து நீட்டி, அம்மாவின் தையல் டேப்பை அல்ல, நல்ல இரும்பு டேப்பைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தாள். கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது. அன்று முதல்முறையாக அவள் பேசாமல் உட்கார்ந்தாள். கல்லூரி வாசலிலிருந்து வீடு வரைக்கும் பேசவில்லை. நான் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை பத்தாது என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டில் விஷயம் வெடித்தது.

"ஒரு நம்பரை மாத்தி எழுதினா என்ன குறைஞ்சு போயிடும் பாப்பா? எல்லாரும் செய்யறதுதானே" என்றார் அப்பா.

"போன மாசம் பிரேக் பிடிக்காத வண்டிய எடுக்க மாட்டேன்னு வீட்டுல உட்கார்ந்தீங்களே, ஏன்?"

"அது உயிர் விஷயம்."

"இதுவும்தான். நாளைக்கு நான் தண்ணிக் குழாய் போடுவேன், பாலம் கட்டுவேன். தப்பான உயரத்துல கட்டினா அதுமேல உங்க லாரிதான் வரும்."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்ப முகாம் போகலன்னா நீ பாலமே கட்டப் போறதில்ல."

"போகலன்னா போகல. டிங்கரிங் பண்ண நம்ம வீட்டுல ஒருத்தன் போதும்."

அது எனக்கு. அடுத்தவர் சண்டையில் நமக்கு விழுகிற அடி இலவசம். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அம்மா கேட்டாள்: "படுக்க வச்சா அளந்த?"

"ஆமா."

"ஆளை யாராவது படுக்க வச்சு அளப்பாங்களா? நின்னாத்தானே தொப்பை தெரியும்."

அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். சாப்பிட்டு முடித்தது நான்தான்.

மறுநாள் எனக்குப் பல்வலி. அதாவது பட்டறை முதலாளியிடம் அப்படிச் சொல்லிவிட்டு, கன்னத்தைப் பிடித்தபடியே கிளம்பி, தெருமுனை தாண்டியதும் கையை எடுத்தேன். கல்லூரி மாடிப்படிக் கட்டில் ஸ்டாஃபை நிமிர்த்தி நிறுத்தினாள் அக்கா. நான் மேல் படியிலிருந்து இரும்பு டேப்பைத் தொங்கவிட்டேன். இணைப்புக்குக் கீழே எல்லாம் சரி. இணைப்புக்கு மேலே எந்தக் கோட்டைப் பார்த்தாலும் டேப்பை விட இருபது மில்லிமீட்டர் கீழே நின்றது. கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தாள். மேல்பாகத்தை நகராமல் பிடித்து நிறுத்த வேண்டிய பொத்தான் உள்ளே இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு போல்ட் செருகியிருந்தார்கள். போல்ட் அலுமினியத்தை அறுத்து அறுத்து, துளை நீண்டு போயிருந்தது. படுக்க வைத்து இழுத்தால் மேல்பாகம் சரியான இடத்தில் நிற்கும். நிமிர்த்தினால் தன் கனத்திலேயே மெல்ல இரண்டு சென்டிமீட்டர் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேட்டில் இரண்டு முறை. இருபதும் இருபதும் நாற்பது. மிச்சம் ஒன்றுதான் அக்காவின் சொந்தப் பிழை.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"என்னக்கா, ஜெயிச்சாச்சுல்ல?"

"இந்த ஸ்டாஃபை வச்சு யாருக்குமே மூட முடியாதுடா" என்றாள். "நான் இதைச் சார்கிட்ட காட்டினா, மூடிச்சுன்னு எழுதினவங்க எல்லாரும் மாட்டுவாங்க."

மாட்டட்டுமே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனாள். இஸ்திரியும் மற்றவர்களும் அங்கே இருந்தார்கள். நாற்காலியில்கூட உட்காராமல் விஷயத்தை முழுக்கச் சொன்னாள். "நாளைக்குச் சார்கிட்ட காட்டப் போறேன். பின்னாடியிருந்து குத்தினேன்னு யாரும் சொல்லக் கூடாது. இன்னிக்கு முழுக்க இருக்கு. உங்க கணக்கைத் திருப்பி வாங்கிக்கிட்டு மறுபடி எடுத்து, வந்ததை வந்தபடி எழுதுங்க. கருவிய நான் தூக்கறேன்."

இஸ்திரி பிஸ்கட்டை டீயில் முக்கினான். "நாப்பத்தொண்ணு, உனக்கு மூடல. அந்தக் கடுப்பு. உன்னால எங்களுக்கு எதுக்கு வெயிலு?"

"சரி. சொல்லியாச்சு" என்றாள்.

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவ்வளவு சிறிய நியாயமாவது உலகத்தில் இருக்கிறது.

சர்வே வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். வகுப்புக்குத் தாமதமாக வந்தால்கூட, "ஒரு மில்லிமீட்டர் முன்னாடி கிளம்பியிருக்கலாமே" என்பாராம். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். மறுநாள் மாடிப்படிக்கு வந்து, நான் தொங்கவிட்ட டேப்பையும் ஸ்டாஃபையும் மாறி மாறிப் பார்த்தார். என் பல்வலிக்கு அது இரண்டாம் நாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். போல்ட்டை விரலால் தொட்டார்.

"அப்போ மத்த குரூப்புக்கெல்லாம் எப்படி மூடிச்சு?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க சார். ஸ்டாஃபைக் கேளுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது துருப்பிடித்த பழைய போல்ட். எத்தனை வருடக் கணக்குகளில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது.

"சரிம்மா, ஒண்ணு பண்ணு. அந்த ரெண்டு ரீடிங்லயும் இருபது இருபது கழிச்சு எழுதிடு. ஒரு மில்லிமீட்டர்ல பிரமாதமா மூடும். இப்பவே கையெழுத்து போடறேன். நீ முகாமுக்குப் போயிடலாம். ஸ்டாஃபை நான் சத்தமில்லாம மாத்திடறேன்."

எனக்கு மூச்சு வந்தது. முகாம் கிடைத்துவிட்டது. அப்பா படிப்பை நிறுத்த வழியில்லை. சரின்னு சொல்லுக்கா என்று மேல் படியிலிருந்து கண்ணாலேயே கெஞ்சினேன்.

"வேண்டாம் சார்" என்றாள் அக்கா. "நான் பார்த்த நம்பர் பார்த்தபடியே இருக்கட்டும். நாப்பத்தொண்ணுன்னு எழுதி, ஏன் நாப்பத்தொண்ணுன்னும் கீழ எழுதறேன். அதுக்குக் கையெழுத்து போடுங்க."

"மூடாத கணக்குல நான் இதுவரைக்கும் கையெழுத்து போட்டதில்ல."

"மூடினதா வந்ததுல எல்லாம் போட்டிருக்கீங்களே சார்."

என் கையிலிருந்த டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போய் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. மில்லிமீட்டர் ஸ்டாஃபைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கையெழுத்து இல்லை.

வீடு வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. இந்த முறை என் முறை.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் முகாம் பட்டியல் வர வேண்டிய இடத்தில் வேறொரு தாள் இருந்தது. எல்லாக் கணக்கும் ரத்து. புது ஸ்டாஃபில் எல்லாக் குழுவும் சனிக்கிழமை மறுபடி எடுக்க வேண்டும், வாத்தியார் கூடவே நடப்பார், கேன்டீன் மூடியிருக்கும். கீழே ஒரே ஒரு வரி: நாற்பத்தொரு மில்லிமீட்டர் என்று கொடுக்கப்பட்ட கணக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அக்காவின் கணக்கில் கையெழுத்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வகுப்பில் அவளோடு யாரும் பேசவில்லை. அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை. 'நாப்பத்தொண்ணு' என்பது அதுவரை கேலியாக இருந்தது, இப்போது வசவாகிவிட்டது. இஸ்திரியின் ஷூவுக்குள் பட்டி பூசிக் காய வைத்துவிட்டு வருகிறேன் என்று அக்காவிடம் மனதார அனுமதி கேட்டேன். கொடுக்கவில்லை. "உன் பட்டிய நல்ல காரியத்துக்கு வச்சுக்க" என்றாள்.

சனிக்கிழமை அவளுக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இஸ்திரி குழுவுக்கு முதல் சுற்றில் எழுபதுக்கு மேலே போனது. கருவியை நிமிர்த்தவே தெரியவில்லை. முதல் தடவை அதை நிமிர்த்தியது அக்கா, அதன் பிறகு நிமிர்ந்ததெல்லாம் கேன்டீன் மேசையில்தான். மூன்றாவது சுற்றில் அவன் சட்டை முதல்முறையாக முதுகோடு ஒட்டியது. அப்போதுதான் அக்கா போய், கேட்காமலே ஸ்டாஃபை வாங்கி மேட்டில் நிமிர்த்திப் பிடித்தாள். அவன் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. "முக்காலியோட காலை மிதிச்சு இறக்கு" என்றாள். "தொட்டுக்கிட்டே பார்க்காத." "இப்ப படி." அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது மில்லிமீட்டரில் மூடியது. அன்று அந்த மைதானத்தில் உண்மையாக மூடிய முதல் கணக்கு அதுதான்.

"நீ இல்லாமலே மூடியிருப்போம்" என்றான் இஸ்திரி, சட்டையைப் பிழிந்துகொண்டே.

"தெரியும். உலகத்தையே சுத்தி வந்து மூடியிருப்பீங்க" என்றாள்.

முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தன் மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். பட்டறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி என் பல் எப்படியிருக்கிறது என்று அவளிடம் விசாரித்தார். "பிடுங்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை என் முன்னால் வைத்தாள்.

"முன்பக்கம் எழுது. நாப்பத்தொண்ணுன்னு. எண்ணுல."

"அவனுங்க திட்டறதுக்கு வச்ச பேருக்கா அது."

"என் நம்பர்டா. நான் பார்த்து எடுத்தது. பெருசா எழுது, மலைக்கு அந்தப் பக்கத்துலயிருந்து தெரியணும்."

லாரிக்கு நம்பர் எழுதுகிற கறுப்புப் பெயிண்டில் எழுதினேன். மஞ்சளில் இருந்த பழைய கீறல்களையும் தேய்த்து வழித்துப் பட்டி பூசிவிட்டேன். அது அவள் கேட்காதது. இரண்டு எண்ணும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் கட்டை என்றாள். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் நானும் பேருந்து வரைக்கும் போனோம். அப்பா ஹெல்மெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேருந்தைச் சுற்றி வந்து டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு, ஓட்டுநரிடம் பிரேக் எப்படி என்று விசாரித்தார்.

அக்கா ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அதில் புது ஸ்டாஃபைச் சாய்த்து வைத்தாள். மில்லிமீட்டர் படியில் நின்று வருகை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட, ஒவ்வொருத்தராக உள்ளேன் என்றார்கள். அக்காவின் வரிசை எண் பதினேழு. பதினாறு முடிந்ததும் அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, பேருந்தின் உள்ளே பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்:

"நாப்பத்தொண்ணு."

யாரும் சிரிக்கவில்லை.

"உள்ளேன் சார்" என்றாள் அக்கா.